பழையனூர் சபையில் ஒரு வக்கீல் இருந்திருந்தால்

"இலவச வக்கீல்" என்று சொன்னால் எங்கள் பக்கத்துச் சேரிகளில் சிரிக்கிறார்கள். ஒரு பெரியம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "துட்டு வாங்காத வக்கீலு வாயத் தொறப்பாரா நைனா?"

அவர் மகன் ஊர்த் தெருவில் வண்டியை விட்டு இறங்காமல் போனான். அதற்காக மறித்து அடித்தார்கள். புகார் கொடுத்து மூன்றாம் நாள்தான் எஃப்.ஐ.ஆர். பதிவானது. கம்மலை அடகு வைத்து ஒரு வக்கீலுக்குப் பணம் கொடுத்தார் பெரியம்மா. அவர் இரண்டு முறை வந்தார், பிறகு போனை எடுக்கவில்லை. துட்டு வாங்கியவரும் வாயைத் திறக்கவில்லை என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். இருந்தும், துட்டு வாங்காதவர் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இலவசம் என்ற பெயரில் நம் தெருவுக்கு வந்ததெல்லாம் என்ன தரத்தில் வந்தது என்று நமக்குத் தெரியும். கையேந்தி வாங்கியதில் குறை சொல்லக் கூடாது என்றும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் நான் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். சட்ட உதவி நமக்கு யாரும் போடும் பிச்சை இல்லை. அது நம் பெயர் எழுதி வைத்திருக்கும் உரிமை. உரிமை என்று தெரிந்தால்தான் தரம் கேட்க முடியும், ஆள் சரியில்லை என்றால் மாற்றிக் கொடு என்றும் சொல்ல முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1976இல் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பொருளாதாரத்தாலோ வேறு குறைபாட்டாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் சாரம். 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவு யாருக்கெல்லாம் இந்த உரிமை உண்டு என்று வரிசையாகச் சொல்கிறது. வரிசையில் முதலில் நிற்பவர்கள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். அடுத்து ஆள் கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானவர்கள், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், சாதி வன்கொடுமையாலும் பேரிடராலும் பாதிக்கப்பட்டவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள். கடைசியில்தான் வருமானம் குறைந்தவர்கள் வருகிறார்கள்.

இதில் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. வருமான வரம்பு அந்தக் கடைசிப் பிரிவினருக்கு மட்டும்தான். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் அரசு ஊழியராக இருந்தாலும், அவர் வீட்டில் கார் நின்றாலும் சட்ட உதவி கேட்கலாம். ஏன் அப்படி? ஏனென்றால் சட்டம் இங்கே வறுமையை மட்டும் அளக்கவில்லை. சம்பளம் வாங்கும் தலித்தையும் ஊர்த் தெருவில் வண்டியை விட்டு இறங்கச் சொல்வார்கள் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "வருமானச் சான்று எங்கே?" என்று எந்த மேசையிலாவது உங்களிடம் கேட்டால், 12ஆவது பிரிவின் முதல் வரியைக் காட்டுங்கள்.

திருவாலங்காட்டைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு நீதி என்றதும் ஞாபகம் வரும் கதை பழையனூர் நீலி கதை. வடாரண்யேஸ்வரர் கோயிலும் இரத்தின சபையும் காரைக்கால் அம்மையாரும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். நீலியை எங்களுக்குப் பாட்டிமார் சொல்லித் தெரியும். சம்பந்தர் தேவாரத்திலேயே அந்தக் கதையின் குறிப்பு இருக்கிறது.

சொல்கிறவருக்கு ஏற்ப கதை மாறும். பொதுவாகச் சொல்வது இது. ஒருவன் தன் மனைவியை இந்தக் காட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகன், அவள் பேய். பேயிடமிருந்து தப்பிக்க அவன் கையில் ஒரு கத்தி இருக்கிறது. நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவன் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறான்" என்று பழையனூர் சபையில் முறையிடுகிறாள். அவன், "இவள் பேய்" என்று கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்கிறது. சபையில் இருந்த 70 வேளாளர்கள் நீலி பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று சொல்லி இரவு அவளோடு தங்க வைக்கிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல்லைக் காக்க 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வாக்குத் தவறாத வேளாளர்களின் பெருமை என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் அதை வேறு மாதிரிக் கேட்கிறேன். அந்தச் சபையில் இருந்தவர்கள் நேர்மையானவர்கள்தான், உயிரையே கொடுத்தார்கள். ஆனால் நேர்மை போதவில்லை. அவன் தரப்பை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லை. "அந்தக் குழந்தையைக் கீழே இறக்கிக் காட்டு" என்று குறுக்குக் கேள்வி கேட்க ஒருவர் இல்லை. அவனிடம் இருந்த ஒரே பாதுகாப்பையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் பிணை கொடுத்தார்கள். பழையனூர் சபையில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் 71 பேர் பிழைத்திருப்பார்கள்.

இன்னும் ஒன்று. நீலி கொலையானபோது எந்தச் சபையும் கூடவில்லை. அவள் தரப்புக்கு எஃப்.ஐ.ஆரும் இல்லை, சாட்சியும் இல்லை. உயிரோடு இருந்தவரை அவளால் நீதி கேட்க முடியவில்லை. பேயாகத்தான் வர வேண்டியிருந்தது. வந்தபோதும் பொய் சொல்லித்தான் சபை ஏற முடிந்தது. அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே சாதி, எல்லாரும் ஆண்கள். பழையனூரில் அன்றைக்கு உழைத்துக்கொண்டிருந்த மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்று கதை சொல்வதில்லை.

இன்றைய கட்டப் பஞ்சாயத்துகளுக்கும் அந்தச் சபைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இவர்கள் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் யாரும் தீயில் இறங்குவதில்லை. அபராதம் போட்டு, காலில் விழ வைத்து, "இத்தோட முடிச்சுக்கலாம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

சபைக்குள் நமக்காகப் பேச நம் ஆள் வேண்டும் என்பதை பாபாசாகேப் நமக்கு வாழ்ந்து காட்டினார். 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் அவர் தலைமையில் நம் மக்கள் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். அந்த ஒரு நாளைத்தான் நாம் கொண்டாடுகிறோம். அதே ஆண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் குளம் தனியார் சொத்து என்று வழக்குப் போட்டார்கள், அம்பேத்கரும் பிரதிவாதி. அந்த வழக்கு மகாட் நீதிமன்றத்தில் தொடங்கி பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய், 1937 மார்ச் 17 அன்றுதான் நமக்குச் சாதகமாக முடிந்தது. குளக்கரையில் ஒரு நாள், கோர்ட்டில் கிட்டத்தட்ட பத்து வருஷம். முதல் நாளுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். அடுத்த பத்து வருஷத்துக்கு வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்க ஆள் இருந்ததால்தான் அந்த முதல் நாள் வரலாற்றில் நின்றது.

இளைஞர்களிடம் பேசும்போது 'ஜெய் பீம்' படத்தைச் சொல்கிறார்கள். 1993இல் விருத்தாசலம் பக்கம் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவுக்காக வழக்கறிஞர் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு மனுதான் அந்தப் படத்தின் வேர். மேலவளவு வழக்கில் பொ. இரத்தினம் நின்றார். கோகுல்ராஜ் கொலை வழக்கில் அவன் தாய் போராடி ப.பா. மோகனை அரசுத் தரப்பு சிறப்பு வழக்கறிஞராக நியமிக்க வைத்தார். வழக்கும் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இவர்களை நாம் வணங்குவது நியாயம். ஆனால் திருத்தணி வட்டத்தில் வேலிச் சண்டை, பாதைச் சண்டை, சுடுகாட்டு வழி மறிப்பு, கூலி பாக்கி, செங்கல் சூளை முன்பணம் என்று தினம் நடப்பவற்றுக்கெல்லாம் ஒரு சந்துரு வர முடியாது. பெரிய வக்கீல் வருவார் என்று காத்திருக்கும் ஊரில் சின்ன வழக்குகள் எல்லாம் காணாமல் போகின்றன. அந்தச் சின்ன வழக்குகளில் தண்டனை கிடைத்திருந்தால் பெரிய கொலைகள் சில நடந்தே இருக்காது.

அதற்காகத்தான் அமைப்பு இருக்கிறது. தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு, எங்களுக்கு அது திருத்தணி நீதிமன்றத்தில். மாவட்ட அளவில் திருவள்ளூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அதற்கு மேல் மாநில ஆணைக்குழு, உயர் நீதிமன்றக் குழு, உச்ச நீதிமன்றக் குழு. 15100 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கேயே எழுதி, கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி மனு கொடுத்த 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. வக்கீல் கட்டணம் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் இதில் அடங்கும். பட்டியலில் உள்ள வழக்கறிஞர்களில் இவர்தான் வேண்டும் என்று விருப்பம் சொல்லலாம். அந்த வழக்கறிஞர் உங்களிடம் பத்து ரூபாய்கூட வாங்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

"வன்கொடுமை வழக்கில் அரசு வக்கீலே இருக்கிறாரே, நமக்கு எதற்குத் தனி வக்கீல்?" என்று சட்டக் கல்லூரி மாணவர்களே கேட்கிறார்கள். அரசு வக்கீல் அரசின் வக்கீல். அவர் மேசையில் நூறு கட்டுகள் இருக்கும். 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. ஜாமீன் உட்பட எந்த விசாரணைக்கும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது அது. 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்று உறுதி செய்தது. அதே பிரிவின் 11ஆவது உட்பிரிவு வழக்கைப் பற்றி விளக்கிச் சொல்லி, விசாரணைக்குத் தயார்ப்படுத்த சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. 12ஆவது உட்பிரிவு இன்னும் முக்கியம். தொண்டு நிறுவனங்கள், சமூகச் செயற்பாட்டாளர்கள், வழக்கறிஞர்களின் துணையைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. "நீ யாருய்யா, உனக்கு என்ன வேலை இங்க?" என்று காவல் நிலையத்தில் கேட்டால் சொல்வதற்கு நமக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

பெரியம்மா வழக்கில் இதுதான் நடந்தது. அடித்தவர்கள் ஜாமீன் மனு போட்டதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கே வேறு வழியில்தான் தெரிந்தது. சட்டப் பணிகள் குழுவில் மனு எழுதிக் கொடுத்தோம், சாதிச் சான்று நகலை இணைத்தோம். பட்டியலிலிருந்து ஒரு இளம் வழக்கறிஞரை நியமித்தார்கள். அவர் கட்டை வாங்கிப் படித்தார். பெரியம்மாவை உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டார். 15ஏ பிரிவைச் சொல்லி, பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்காமல் ஜாமீன் தரக் கூடாது என்று மனு போட்டார். அன்றைக்கு நீதிமன்றத்தில் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய் நின்று, என்ன நடந்தது என்று தன் வாயால் சொன்னார். ஒரு நிபந்தனையும் இல்லாமல் அன்றே வெளியே வந்துவிடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டது நடக்கவில்லை. பிறகு ஜாமீன் கிடைத்தது. சாட்சிகள் பக்கம் போகக் கூடாது, எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிபந்தனையால் அவர் மகன் வேலைக்குப் போக முடிந்தது, சாட்சி சொன்ன இரண்டு பையன்கள் பல்டி அடிக்கவில்லை.

எல்லாச் சட்ட உதவி வழக்கறிஞர்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தரும் கட்டணம் குறைவு, அதுவும் தாமதமாக வருகிறது. வேலை தெரியாதவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பின் தெருக்காரரே நியமிக்கப்படுவதும் நடக்கும். இந்த இடத்தில்தான் நாம் வேண்டும். தனியாக நிற்கும் கட்சிக்காரரின் கட்டு அடியில் போய்விடுகிறது. பின்னால் நாலு பேர் நின்று, "அடுத்த வாய்தா எப்போ சார், சாட்சி யார் சார், நகல் வாங்கிட்டீங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் அதே வழக்கறிஞர் வேறு ஆளாக நிற்பார். அதற்கும் மேல் சரியில்லை என்றால் மாற்றச் சொல்லி எழுதலாம்.

வக்கீல் இலவசம், வழக்கு இலவசம் இல்லை என்பதையும் பேச வேண்டும். திருவாலங்காட்டில் ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. திருவள்ளூர் கோர்ட்டுக்கு ஒரு நாள் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. வாய்தா தள்ளிப்போனால் அடுத்த கூலியும் போச்சு. பெரும்பாலான வழக்குகளில் நம் ஜனங்கள் சமாதானத்துக்குப் போவது பயத்தால் மட்டுமல்ல, இந்தக் கணக்கு தாங்காததாலும்தான். 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதி இதற்குத்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் போக வரப் பயணச் செலவு தர வேண்டும். விவசாயக் கூலியின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் தினப்படி தர வேண்டும். பெண்களும் சிறுவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், அவருக்கும் செலவு உண்டு. அன்றே, அல்லது மூன்று நாட்களுக்குள் தர வேண்டும். நான் சந்தித்த குடும்பங்களில் இதைக் கேட்டு வாங்கியவர்கள் மிகச் சிலர். கேட்கலாம் என்று தெரிந்தவர்களே குறைவு.

தெரியாமல் இருப்பது அவர்கள் குற்றமா? 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அருணாச்சலப் பிரதேசத்தில் வக்கீல் இல்லாமலே ஒருவருக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அவர் வக்கீல் கேட்கவில்லையே என்றது அரசுத் தரப்பு. உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார், சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று சொல்லி அந்தத் தண்டனையை ரத்து செய்தார்கள். அதற்கு முன்பே 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் தாங்கள் பெறக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களைப் பார்த்துத்தான் சட்ட உதவியை அடிப்படை உரிமையின் பகுதி என்று சொன்னார்கள். அந்தக் கைதிகள் யாராக இருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் சட்டத்தின் அருமை கடல் தாண்டிப் பார்த்தால் இன்னும் புரியும். பக்கத்துத் தீவான இலங்கையில் 1957லேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயரால் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் தடுப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. அங்கே சட்ட உதவி ஆணைக்குழு 1978இல், அந்த ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நீதிமன்றங்களை ஒட்டிய மையங்களில் சம்பள வழக்கறிஞர்களை வைத்து நடக்கும் நல்ல அமைப்பு அது. ஆனால் அந்தச் சட்டம் உதவி தரச் சொல்வது "தகுதியானவர்களுக்கு". தகுதியைப் பெரும்பாலும் வருமானம் தீர்மானிக்கிறது. இங்கே நம் சட்டம் "உரிமை உடையவர்கள்" என்று சொல்லி, முதல் வரியிலேயே சாதியின் பெயரைச் சொல்கிறது. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூசும் நாட்டில் ஒரு சட்டம் இப்படி எழுதப்பட்டிருப்பது சாதாரண விஷயம் இல்லை. அதைப் பயன்படுத்தாமல் தூசி படிய விடுவது நமக்கு அழகில்லை.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு, அது முழுநேர வழக்கறிஞர். இந்தியாவில் 2022 முதல் மாவட்டங்களில் முழுநேரச் சம்பளத்தில் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர்களை வைத்திருக்கிறார்கள். அது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு. நமக்கு இது வேண்டியதுதான், ஏனென்றால் வன்கொடுமைப் புகார் கொடுத்ததும் நம் பையன்கள் மேலேயே ஒரு எதிர் வழக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இப்படிப்பட்ட முழுநேர வழக்கறிஞர் இல்லை, பட்டியல் வழக்கறிஞர்தான். மாவட்டத்துக்கு இரண்டு பேராவது வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் தரப்புக்காகவே முழுநேரமாக வேண்டும் என்பது நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

எங்கள் பகுதிக்கென்று சில சிக்கல்கள் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி வட்டம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடு மாறினாலும் வேலைக்கும் சம்பந்தத்துக்கும் நகரி, புத்தூர் பக்கம் போய் வருவது நிற்கவில்லை. அங்கே ஒரு சம்பவம் நடந்தால், "இது எங்க எல்லை இல்ல" என்று இரண்டு பக்கமும் தட்டிவிடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், பிறகு நடுவர் நீதிமன்றம் போகலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 1 வருஷம் வரை தண்டனை உண்டு.

இருளர் மக்களுக்கு வேறு சிக்கல். பழங்குடிச் சான்று கையில் இல்லாத குடும்பங்கள் பல. சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணத்துக்காகக் கட்டிவைக்கப்பட்டிருப்பவர்களிடம், "முதலில் சாதிச் சான்று கொண்டு வா" என்று சொன்னால் கதவு அங்கேயே மூடிவிடுகிறது. சான்று இல்லை என்றால் கட்டாய உழைப்பு என்ற பிரிவில் கேளுங்கள். பெண் பெயரில் கேளுங்கள், எந்தப் பெண்ணுக்கும் வருமான வரம்பு இல்லை. ஒரு கதவு மூடினால் 12ஆவது பிரிவில் இன்னும் பல கதவுகள் இருக்கின்றன. சான்றுக்கான மனுவையும் அதே வழக்கறிஞரை வைத்தே எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மக்கள் நீதிமன்றம் நல்ல ஏற்பாடுதான். விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், குடும்பத் தகராறு போன்றவற்றை அங்கே பேசி முடிக்கலாம். சமரசம் செய்யக் கூடாத குற்ற வழக்குகளைத் தொடும் அதிகாரம் அதற்கு 1987 சட்டப்படியே கிடையாது. வன்கொடுமை வழக்கை, "அதுல வெச்சு முடிச்சுக்கலாம் தம்பி" என்று யாராவது சொன்னால், முடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது பெரிய வேலை இல்லை. உங்கள் தாலுகா கோர்ட்டுக்கு ஒரு நாள் போங்கள். வட்ட சட்டப் பணிகள் குழு எந்த அறையில் இருக்கிறது என்று பாருங்கள். பட்டியல் வழக்கறிஞர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் வன்கொடுமை வழக்கு நடத்தியவர் யார், பெண்கள் யார், நம் சமூகத்தவர் யார் என்று விசாரியுங்கள். விண்ணப்பப் படிவம் பத்து வாங்கி வந்து உங்கள் தெரு வாசக சாலையில் வையுங்கள். 12ஆவது பிரிவையும் 11ஆவது விதியையும் பெரிய எழுத்தில் எழுதி அம்பேத்கர் படத்துக்குக் கீழே ஒட்டுங்கள். யாருக்காவது வாய்தா என்றால் கூடவே போய், அன்று என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சட்டம் படிப்பவர்கள் படிப்பு முடித்ததும் உங்கள் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க மனுப் போடுங்கள். கட்டணம் குறைவுதான், ஆனால் நம் வீட்டு வழக்கை யாரோ கையில் கொடுத்துவிட்டுப் புலம்புவதைவிட அது மேல்.

நவம்பர் 9 சட்டப் பணிகள் நாள். அன்றைக்குப் பேரணியும் பதாகையும் அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். நாம் அன்றைக்கு ஒரு சேரியில் ஒரு மனுவாவது எழுதிக் கொடுப்போம்.

ஜெய் பீம்.